தூங்கி எழுந்தும் அசதி போகவில்லையா? வேலைக்குப் போகும் பெண்களுக்கு யோக ஓய்வு

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் தூங்கி எழுகிறீர்கள். அப்போதும் தோள் கனக்கிறது, கண் எரிகிறது, யாராவது ஏதாவது கேட்டால் சுள்ளென்று கோபம் வருகிறது. "நன்றாகத்தானே தூங்கினேன், பிறகும் ஏன் இப்படி?" என்று நினைத்திருப்பீர்கள். அந்த அசதியைக் குறைக்க யோகத்தில் எளிய வழி ஒன்று இருக்கிறது. அதற்கு உடலை வளைக்க வேண்டாம், பணமும் வேண்டாம். ஒரு பாயும் பதினைந்து நிமிடமும் போதும்.

தூங்கியும் அசதி போகாதது ஏன்?

ஆபத்து என்று தோன்றினால் ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடல் நொடியில் தயாராகிவிடும். இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் இறுகும், மூச்சு மேலோட்டமாகும், செரிமானம் மந்தமாகும். இதைச் செய்வது பரிவு நரம்பு மண்டலம் (உடலை அவசர நிலைக்குக் கொண்டுபோகும் நரம்புகள்). அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் வால்டர் கேனன் 1915-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக விளக்கினார். ஆபத்து நீங்கியதும் எதிர்ப்பரிவு நரம்பு மண்டலம் (உடலை அமைதிக்குத் திருப்பும் நரம்புகள்) பொறுப்பேற்று எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

ஆனால் இன்றைய நெருக்கடிகள் வந்து போய்விடுபவை அல்ல. முடிக்க வேண்டிய டார்கெட், மேலாளரின் குரல், கடன் தவணை, பிள்ளையின் பரீட்சை என்று ஒன்று முடியும் முன்பே இன்னொன்று நிற்கிறது. தொட்டி நிறைந்த பிறகும் நிறுத்த ஆளில்லாமல் ஓடும் மோட்டார் மாதிரி, தேவை முடிந்த பிறகும் அவசர நிலை ஓடிக்கொண்டே இருக்கிறது. அதே நிலையில் படுத்தால் தூக்கம் வரும்; ஆழமாக இராது. தாடையும் தோளும் தூக்கத்திலும் இறுகியே இருக்கலாம்.

பெண்களுக்கு இது கூடுதலாக ஏன்?

இந்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், அதாவது ஏறக்குறைய ஐந்து மணி நேரம். ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளப் பெண்களுக்கு 134 நிமிடம், ஆண்களுக்கு 76 நிமிடம். வேலைக்குப் போகிறவர்கள், வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் சேர்த்த சராசரி இது.

வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இந்த மணி நேரங்கள் சம்பள வேலைக்கு முன்னும் பின்னும் வந்து உட்காருகின்றன. கை ஓய்ந்தாலும் மனம் ஓய்வதில்லை. மாவு அரைக்க வேண்டும், கேஸ் பதிவு செய்ய வேண்டும், ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும், மாமியாருக்கு மாத்திரை வாங்க வேண்டும் என்று படுக்கையிலும் பட்டியல் ஓடுகிறது. பட்டியல் ஓடும்வரை அவசர நிலை முழுதாக அணையாது.

டிவி பார்ப்பதும் மொபைல் பார்ப்பதும் ஓய்வுதானே?

மனதுக்கு ஒரு மாற்றம் கிடைக்கும், அதில் தவறில்லை. ஆனால் அப்போதும் கண்ணும் கழுத்தும் வேலை செய்கின்றன. திரையில் வரும் சண்டைக்கும் சோகத்துக்கும் உடல் ஓரளவு பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இறுகிய தசை தளர்வதும், மூச்சு நீள்வதும், துடிப்பு குறைவதும்தான் உடலுக்கு ஓய்வு. அது தானாக நடக்காதபோது நாமே நடத்திக்கொடுக்க வேண்டும். சைக்கிள், நீச்சல் போல இதுவும் பழகினால் வரும் கலைதான்.

யோக ஓய்வு என்றால் என்ன?

அடிப்படை சவாசனம். மல்லாந்து, கை கால்களைத் தளர விட்டு, அசையாமல் படுப்பது. சுமார் 15-ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹட யோகப் பிரதீபிகை, இந்த ஆசனம் களைப்பைப் போக்கி மனதுக்கு ஓய்வு தரும் என்று சொல்கிறது. ஆக, அசதிக்கு இதைச் சொல்வது நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல.

இதன் அடுத்த படி யோக நித்திரை (விழிப்போடு இருந்தபடியே உடலை உறக்கம் போன்ற தளர்வுக்குக் கொண்டுபோவது). பீகாரின் முங்கேரில் யோகப் பள்ளி நிறுவிய சுவாமி சத்யானந்த சரஸ்வதி இதை இன்றைய வடிவத்தில் ஒழுங்குபடுத்தினார். கட்டைவிரல், இரண்டாம் விரல், உள்ளங்கை, மணிக்கட்டு என்று கவனத்தை வரிசையாக நகர்த்திச் செல்வது இதன் மையம். வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையில் எளியமுறை உடற்பயிற்சி செய்தவர்களுக்குக் கடைசியில் வரும் 'உடல் தளர்த்துதல்' நினைவிருக்கும். அதுவும் இந்த வகைதான்.

இதனால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா?

இருக்கிறது, அளவோடு. மும்பை இதய மருத்துவர் கே. கே. தாத்தேயும் அவருடன் பணியாற்றியவர்களும் உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சவாசனம் பழக்கி, பலரிடம் அழுத்தம் குறைந்ததை 1969-இல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார்கள். லண்டனில் மருத்துவர் சந்திரா பட்டேல் யோகத் தளர்வு முறையைச் சோதித்து 1973-இலும் 1975-இலும் லான்செட் இதழில் எழுதினார். அதன்பின் செவிலியர்கள், ஆசிரியைகள், கணினித் துறையினர் எனப் பல பிரிவினரிடம் ஆய்வுகள் நடந்துள்ளன.

இவற்றில் பல சிறிய ஆய்வுகள். பயிற்சி பெறுவோருக்குத் தாம் என்ன செய்கிறோம் என்பது தெரிந்தே இருப்பதால், மாத்திரையைச் சோதிப்பதுபோல் மறைத்துச் சோதிக்கவும் முடியாது. ஆகவே 'எல்லா நோயும் தீரும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மன இறுக்கம் குறையும், தூக்கம் ஓரளவு சீராகும், களைப்பு தணியும் என்று எதிர்பார்ப்பது நியாயம். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் இதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது.

எப்படித் தயாராவது?

சாப்பிட்ட உடனே வேண்டாம்; வயிறு கொஞ்சம் லேசானதும் செய்யுங்கள். மெத்தையைவிடத் தரை நல்லது. பாயின் மேல் ஜமுக்காளம் விரித்தால் முதுகு உறுத்தாது. சேலை, சுடிதார் எதுவானாலும் இடுப்புக் கட்டைத் தளர்த்துங்கள். கொண்டையையும் கிளிப்பையும் எடுத்துவிடுங்கள். பின்தலை தரையில் சரியாகப் பதிய வேண்டும்.

இடுப்பு வலி உள்ளவர்கள் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக்கொள்ளலாம். கண்மேல் மெல்லிய துணி போடலாம். அசையாமல் இருக்கும்போது உடல் குளிரும் என்பதால் ஒரு போர்வை அருகில் இருக்கட்டும். போனைச் சத்தமில்லாமல் வைத்து, பதினைந்து நிமிடத்துக்கு மெல்லிய அலாரம் வையுங்கள். மணி பார்க்கும் கவலை அதோடு போய்விடும்.

இனி செய்முறை

முதலில் இறுக்கித் தளர்த்துங்கள். பாதங்களை இறுக்கி ஐந்து எண்ணும்வரை வைத்து, சட்டென்று விடுங்கள். அப்படியே தொடை, வயிறு, கை முஷ்டி, தோள், முகம் என மேலே வாருங்கள். இறுக்கம் எங்கே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. இறுக்கி விட்டுப் பார்த்தால்தான் தளர்வு எது என்று புரியும். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சனும் 1929-இல் வெளியிட்ட நூலில் தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும் முறையைத்தான் வகுத்துத் தந்தார்.

அடுத்தது மூச்சு. மூக்கு வழியாக நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். பத்து முறை போதும். வெளிவிடும் மூச்சு ஏன் நீளமாக வேண்டும்? மூச்சை வெளிவிடும்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறைகிறது. வெளிமூச்சு நீள நீள அமைதி நரம்புகளுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது. மூச்சை அடக்க வேண்டாம். திணறினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, உடலுக்குள் ஒரு நடை. வலக்கைக் கட்டைவிரலில் தொடங்கி மற்ற விரல்கள், உள்ளங்கை, முழங்கை, தோள், விலா, இடுப்பு, தொடை, முழங்கால், பாதம், கால்விரல் என்று மனதை நகர்த்துங்கள். பிறகு இடப்பக்கம். பிறகு முதுகு, வயிறு, மார்பு, தொண்டை, தாடை, நாக்கு, கண், நெற்றி. ஒவ்வோர் இடத்திலும் ஒரு மூச்சு நேரம் நின்றால் போதும். தாடையையும் நாக்கையும் விட்டுவிடாதீர்கள். பகலெல்லாம் பொறுத்துக்கொண்ட சொற்களின் இறுக்கம் பெரும்பாலும் அங்கேதான் தேங்கியிருக்கும்.

கடைசியில் இரண்டு மூன்று நிமிடம் எதையும் செய்யாமல் படுத்திருங்கள். எழும்போது அவசரப்பட வேண்டாம். விரல்களை அசைத்து, ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி உட்கார்ந்து, பிறகு எழுங்கள். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றக்கூடும்.

தூக்கம் வந்துவிடுகிறதே?

தொடக்கத்தில் வரட்டும், நல்லதே. ஆனால் ஒவ்வொரு முறையும் படுத்த சில நிமிடங்களில் தூங்கிவிட்டால், இரவுத் தூக்கம் போதவில்லை என்று உடல் சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இரவுத் தூக்கத்தைக் கூட்டப் பாருங்கள். விழித்திருந்து செய்ய விரும்பினால், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இதே முறையைப் பின்பற்றலாம்.

மனம் ஓரிடத்தில் நிற்கவில்லையே?

யாருக்கும் நிற்காது. குக்கர், ஆபீஸ், பிள்ளை என்று ஓடும். ஓடியது தெரிந்ததும் விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். முழங்காலில் விட்டிருந்தால் முழங்காலிலிருந்தே தொடருங்கள். அப்படித் திரும்பி வருவதுதான் பயிற்சி. வரிசை மறந்துபோகிறது என்றால், அதை உங்கள் குரலிலேயே நிதானமாகச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லியும் பதியலாம்.

நேரத்துக்கு எங்கே போவது?

உங்கள் முதல் ஆட்சேபம் இதுவாகத்தான் இருக்கும். பலருக்கு ஒத்துவரும் நேரம், வேலையிலிருந்து திரும்பி அடுப்படிக்குள் நுழையும் முன் உள்ள சில நிமிடங்கள். வேலையின் இறுக்கத்தோடு அடுப்படிக்குப் போனால் அது பிள்ளைகள் மேல் எரிச்சலாக இறங்கும். பதினைந்து நிமிடம் முடியாத நாளில் ஐந்து நிமிடம் செய்யுங்கள்: இறுக்கித் தளர்த்துதலும் பத்து மூச்சும் மட்டும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் செய்வதைவிட, தினமும் ஐந்து நிமிடம் உடலுக்கு நன்றாகப் பழகும்.

ஒரே அறை வீடு, தனியிடம் இல்லை என்றால்? பிள்ளைகள் தூங்கிய பிறகு கட்டிலோரத் தரையே போதும். தரையில் படுத்து எழ முடியாத மூட்டு வலிக்காரர்கள் கட்டிலிலோ சாய்வு நாற்காலியிலோ செய்யலாம்.

உங்கள் வேலைக்கு ஏற்ப என்ன மாற்றம்?

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குக் காலில் ரத்தம் தேங்கும். வீக்கமும் நரம்புச் சுருட்டலும் வரலாம். வீட்டுக்கு வந்ததும் சுவரை ஒட்டிப் படுத்து, கால்களைச் சுவரில் சாய்த்து உயர்த்தி ஐந்து நிமிடம் வைத்திருந்து, பிறகு சவாசனம் செய்யுங்கள். கண் அழுத்த நோய், இதயப் பலவீனம், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ளவர்கள் காலை உயர்த்த வேண்டாம். கடையில் உட்காருவது உங்கள் உரிமை என்பதும் தெரிந்திருக்கட்டும்: 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர் எல்லோருக்கும் இருக்கை தர வேண்டும் என்று ஆகியிருக்கிறது.

பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் குனிந்திருப்பவர்களுக்கும் கணினி முன் இருப்பவர்களுக்கும் கழுத்தும் தோளும்தான் முதலில் இறுகும். டீ இடைவேளையில் தோள்களைக் காது வரை தூக்கி, ஐந்து எண்ணி, பெருமூச்சோடு விடுங்கள். ஐந்து முறை போதும். உள்ளங்கைகளைத் தேய்த்து மூடிய கண்களின்மேல் அழுத்தாமல் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டால் கண்ணுக்கும் ஓய்வு.

வகுப்பில் ஓயாமல் பேசும் ஆசிரியைகளுக்குப் பிராமரி (வாயை மூடி வண்டுபோல் ரீங்கரித்து மூச்சை விடுவது) பொருத்தம். சத்தத்தோடு வெளிமூச்சு தானாகவே நீளும். நைட் டூட்டி முடித்து வரும் செவிலியர்கள், திரைச்சீலையை மூடிவிட்டு, பகல் தூக்கத்துக்கு முன் படுக்கையிலேயே இந்த ஓய்வுப் பயிற்சியைச் செய்யலாம். தூக்கத்துக்குள் நழுவுவது சுலபமாகும்.

எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை: நீண்ட பயிற்சி முடிந்த கையோடு வண்டி ஓட்ட வேண்டாம். முகம் கழுவி, கொஞ்சம் நடந்து, மந்தம் தெளிந்த பிறகு கிளம்புங்கள்.

மாதவிலக்கிலும் கர்ப்பத்திலும் செய்யலாமா?

மாதவிலக்கு நாட்களில் தாராளமாகச் செய்யலாம். கர்ப்பத்தில் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு மல்லாந்து நெடுநேரம் படுக்க வேண்டாம். வளரும் கருப்பை வயிற்றின் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இடப்பக்கம் ஒருக்களித்து, கால்களுக்கு நடுவே தலையணை வைத்துச் செய்யுங்கள். மாதவிலக்கு நிற்கும் வயதில் திடீர்ச் சூடும் வியர்வையும் வந்தால், காற்றோட்டமான இடத்தில், போர்வையில்லாமல் செய்யலாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

எல்லா அசதியும் மன அழுத்தத்தால் வருவதில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ரத்தம் குறைவாக இருப்பவருக்கு எத்தனை சவாசனம் செய்தாலும் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கத்தான் செய்யும்.

ஆகவே முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் (ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருள்) 12 கிராமுக்குக் குறையக் கூடாது. தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே வழி சொல்வார்கள். மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு, படபடப்பு, காரணமின்றி எடை கூடுவது அல்லது குறைவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், அழுகையாகவே வருகிறது, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அது மருத்துவ உதவி வேண்டிய நிலை. 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். கண்ணை மூடினாலே பழைய பயங்கரம் ஏதோ நினைவுக்கு வந்து நடுங்குகிறவர்கள் கண்ணைத் திறந்து, உட்கார்ந்தபடி, தெரிந்த ஆசிரியர் துணையோடு பழகுவது நல்லது.

வேலையே சரியில்லை என்றால் ஓய்வு என்ன செய்யும்?

நியாயமான கேள்வி. சம்பளமில்லாத ஓவர்டைமையோ அவமானப்படுத்தும் மேலாளரையோ மூச்சுப் பயிற்சி மாற்றாது. பாலியல் தொந்தரவு இருந்தால் புகார் செய்ய, 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். அதைவிடச் சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. வீட்டிலும் அப்படித்தான். வேலையைப் பங்கிட்டுக்கொள்ளாத வீட்டில் பாய் விரிக்கவே நேரம் கிடைக்காது. "இப்படி இறுக்கமாக இருக்கிறாயே, யோகா செய்யேன்" என்று உங்களிடம் சொல்கிறவர், அந்த நேரத்தில் பாத்திரத்தைத் தானே கழுவ வேண்டும்.

எங்கே கற்கலாம்?

தமிழ்நாட்டில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது. பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்தப் பிரிவு உண்டு. ஊர்தோறும் மனவளக்கலை மன்றங்கள் இருக்கின்றன. எங்கே போனாலும் உங்கள் நோய்களையும் மருந்துகளையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பலன் எப்போது தெரியும்?

முதல் நாளே தோள் லேசாகலாம். தூக்கமும் பொறுமையும் மாறுவதற்குச் சில வாரம் ஆகும். ஒரு மாதம் விடாமல் செய்துவிட்டு மூன்றைக் கவனியுங்கள்: படுத்தால் தூக்கம் வர எவ்வளவு நேரம் ஆகிறது, காலையில் தாடையும் கழுத்தும் எப்படி இருக்கின்றன, பிள்ளைகளிடம் குரல் எத்தனை முறை உயர்கிறது. இவை மாறினால் தொடருங்கள். ஒன்றுமே மாறவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

இன்றே வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு நேரத்தைச் சொல்லிவிடுங்கள். அந்தப் பதினைந்து நிமிடம் அம்மாவைக் கூப்பிடக் கூடாது, அடுப்பில் பால் பொங்கினால் வேறொருவர் இறக்க வேண்டும், போன் வந்தால் வேறொருவர் எடுக்க வேண்டும். இது வீட்டில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டால், ஒரு மாதம் விடாமல் செய்வது உங்களுக்குச் சிரமமாக இருக்காது.